தும்மும் முயல், இரைக்கும் முயல்: வளர்த்தவர்கள் அனுபவம்

வேளச்சேரி வாசி:

எங்கள் வீட்டு முயலின் பெயர் பஞ்சு. வெள்ளை நிறம், ஆண். பாஸ்டுரெல்லா என்ற கிருமி அவன் மூக்கில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. சளி, தும்மல், மருந்து, கொஞ்ச நாள் நிம்மதி, மறுபடி சளி. இப்படியேதான் ஓடுகிறது. இதே அவஸ்தையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

'சளிதானே, தானா போயிடும்' என்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விட்டுச் சமாளிப்போம். முயலின் தொண்டை அமைப்பு அதற்கு ஏற்றதில்லை, அது மூக்கை நம்பியே வாழ்கிறது. தலையை அண்ணாந்து வாயைத் திறந்து ஒரு முயல் மூச்சு விடுகிறது என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருந்தால் இரவா பகலா என்றெல்லாம் பார்க்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

பஞ்சுவைக் காட்டப் போனபோது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன் முன்னங்கால்களைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்க முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. முயல் முகம் கழுவுகிற சாக்கில் சளியைக் காலில் துடைத்துவிடும். மூக்கு சுத்தமாக இருக்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், காலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து மூச்சை எண்ணுவது. சும்மா படுத்திருக்கும் முயல் நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை வரை மூச்சு விடும். மூக்குத் துடிப்பதை எண்ணாதீர்கள், அது வேறு கணக்கு. விலாப்பக்கம் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் வைத்தால் பயத்திலேயே எந்த முயலுக்கும் மூச்சு வாங்கும், அதை வைத்து டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் தூங்கும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறோம். அதுதான் அவருக்கு உதவியாக இருந்தது.

சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துத்தான் என்ரோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. அப்போதே ஒன்றையும் சொல்லிவிட்டார்: இந்தக் கிருமியை ஒரேயடியாக ஒழிப்பது கஷ்டம். மூக்கின் உள்ளறைகளில், மருந்து சரியாகப் போய்ச் சேராத இடங்களில் ஒளிந்துகொள்ளும். பயம், இடமாற்றம், வெயில் என்று உடம்பு சற்றுத் தளர்ந்தால் போதும், மறுபடி கிளம்பும். அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னதால்தான் நாங்கள் டாக்டர் டாக்டராக அலையவில்லை.

வீட்டில் நெபுலைசர், அதாவது திரவத்தைப் பனிபோல ஆக்கிச் சுவாசிக்க வைக்கும் மெஷின் வைத்திருக்கிறோம். பஞ்சுவைத் தூக்கிப்போகும் பெட்டியில் உட்கார வைத்து, மேலே துண்டு போர்த்தி, காற்றுக்கு ஒரு பக்கம் திறந்துவிட்டு, வெறும் 0.9 சதவீத சலைன் (உப்புநீர்) மட்டும். மருந்து கலப்பதென்றால் டாக்டர் சொன்னால்தான். முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தினால் பயத்தில் இன்னும் திணறும். ஆரம்பத்தில் மெஷின் சத்தத்துக்குப் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஓங்கி அடிப்பான். உள்ளே கொத்தமல்லித் தழை போட்டதும் சமாதானம் ஆனான். மாமியார் ஆவி பிடிக்கலாம், தைலம் தடவலாம் என்றார். 'அவனுக்குக் காரம் ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார் அத்தை, அதுவும் சூடு பட்டுடுமாம்' என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

உண்மையில், மருந்துக்குச் சமமாகப் பலன் கொடுத்தது வீட்டுக் காற்றைக் கவனித்ததுதான். கொசுவர்த்திச் சுருள் போய் வலை வந்தது. சாம்பிராணி வாசலோடு சரி. பினாயில் இல்லை. முயலின் மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், நாம் நிற்கிற உயரத்தில் அது தெரியாது. கூண்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்து மோந்து பாருங்கள். கண் எரிந்தால், அந்த முயல் நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. போகி அன்று விடிவதற்குள் சன்னலெல்லாம் அடைத்துவிடுவோம். சென்னையில் இருப்பவர்களுக்கு அந்தக் காலைப் புகையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மதுரைக்காரன்:

நல்ல பதிவு சகோ. எங்கள் ஊர்ப் பக்கம் மூச்சிரைப்பு என்றால் பாதி நேரம் கிருமியே இல்லை, வெயில்தான். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே அவதிப்படும். சித்திரை, வைகாசியில் இங்கே எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்திருந்த முயலை ஒரு மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு நீட்டிக் கிடந்தது, காது சிவந்து கொதித்தது, வாய் ஓரமெல்லாம் ஈரம். ஐஸ் தண்ணீரில் முக்கப் போனவர்களைத் தடுத்தேன், அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரைக் காதில் தடவித் தடவி, ஃபேன் காற்றில் ஈரத்துணி மேல் படுக்க வைத்து, அப்படியே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். பிழைத்தது. இப்போது கீழ்வீட்டு வராந்தாவில், மேலே ஈரச் சாக்கு போர்த்திச் சாய்த்து வைத்த பழைய மண்பானைக்குள் ஐயா சுகமாக இருக்கிறார்.

கோவை வாசகி:

அக்கா, பஞ்சுவுக்கு இரண்டு மூக்குத் துவாரத்திலும் சளி வருகிறதா, ஒரு பக்கம் மட்டுமா?

எதற்குக் கேட்கிறேன் என்றால், எங்கள் மிட்டாய்க்கு வலது பக்கம் மட்டும்தான். அதே பக்கக் கண்ணிலும் ஓயாமல் தண்ணீர். ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒரு வாரம் நிற்கும், பிறகு பழைய கதை. கடைசியில் மண்டையை எக்ஸ்ரே எடுத்தபோதுதான் மேல் பல்லின் வேர் நீண்டுபோய்க் கண்ணீர்க் குழாயை நெருக்குவது தெரிந்தது. முயலுக்குப் பல் சாகும்வரை வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். மிட்டாயை முன்பு வளர்த்தவர்கள் ரொட்டியும் பெல்லட்டுமாக (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) கொடுத்திருந்தார்கள். பல் எங்கே தேயும்?

குழாயைக் கழுவிவிட்டார்கள். அப்பப்போ மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. மற்றபடி புல்தான் வைத்தியம். வெளிநாட்டு டிமொதி வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் பையின் அடியில் தூசி நிறைய இருக்கும், அதுவே தும்ம வைக்கும், வெளியே உதறிவிட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே கிடைக்கிற அருகம்புல், தீவனப் புல் இரண்டும் போதும். வேலிமசால், முருங்கைக் கீரை கொஞ்சமாக. ரோட்டோரப் புல் மட்டும் வேண்டாம்.

திருச்சியிலிருந்து:

ஒரு மருந்து விஷயம் மட்டும். நாய்க்குட்டிக்குக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் சிரப்பை எங்கள் முயலுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சித்தப்பா, 'இது முயலுக்கா?' என்று கேட்டு நிறுத்திவிட்டார். அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகையை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, பேதியாகி உயிரே போகும். டாக்டர்கள் சிலர் பென்சிலின் ஊசியாகப் போடுவார்கள். அது வேறு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்த டாக்டராக இருந்தாலும் 'முயலுக்கு இதை வாய்வழியாகக் கொடுக்கலாமா?' என்று கேட்பதில் தப்பில்லை. நாங்கள் திரும்பிப் போய்க் கேட்டோம், அவரும் கோபப்படாமல் மாற்றிக் கொடுத்தார். சந்தேகமென்றால் நாமக்கல், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் காட்டலாம்.

சிங்கை அம்மா:

என்னுடையது கொஞ்சம் கனமான கதை. 2015 செப்டம்பர், அக்டோபரில் சுமத்ரா காட்டுத்தீப் புகை சிங்கப்பூரை மூடியிருந்தது. பள்ளிகளுக்கே ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். எங்கள் கிழவி முயலுக்கு அந்தச் சமயத்தில்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் இருமல், முயலுக்கும் புகையால்தான் என்று நினைத்து காற்றுச் சுத்திகரிப்பானை அதன் பக்கத்தில் வைத்தோம். பார்த்த முதல் மருத்துவரும் புகை என்றே சொன்னார்.

எனக்கு உறுத்தியது என்னவென்றால், அதற்குத் தும்மலே இல்லை. மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது. ஆனால் சாப்பிடத் தலையைக் குனிந்தால் இரண்டு கண்களும் பிதுங்கி வெளியே வரும், நிமிர்ந்தால் உள்ளே போகும். இதைச் சொன்னதும் முயல் பார்க்கும் இன்னொரு மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார். இதயத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு கட்டி. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி நமக்கு வயதானால் சுருங்கிவிடும், முயலுக்குப் பெரியதான பிறகும் இருக்குமாம். அதில் வந்த கட்டி ரத்தக் குழாயை அழுத்துவதால்தான் கண் பிதுங்கியிருக்கிறது.

அந்த வயதில் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஸ்டீராய்டு மருந்தில் சில மாதங்கள் நன்றாகவே இருந்தது, பால்கனிக்கு வந்து வெயில் காய்ந்தது. பிறகு உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தது, படுத்தால் மூச்சு முட்டும். அதற்கு மேல் இழுக்க மனம் வரவில்லை, ஊசி போட்டு அனுப்பி வைத்தோம். சளி இல்லாமல் மூச்சு வாங்கினால் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேளச்சேரி வாசி:

அம்மா, எழுதியதற்கு நன்றி. கண் பிதுங்கும் விஷயம் எனக்குப் புதிது.

கோவைத் தங்கச்சி, பஞ்சுவுக்கு இரண்டு பக்கமும்தான். ஆனாலும் அடுத்த தடவை பல்லையும் பார்க்கச் சொல்கிறேன்.

தனியாக ஒருவர் கேட்டிருந்தார், சளி பிடித்தால் சாப்பிட மாட்டேன் என்கிறதே, ஏன் என்று. முயல் மோந்து பார்த்துத்தான் சாப்பிடும், மூக்கு அடைத்தால் தீனியே பிடிக்காது. சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும். சளியைவிட அதுதான் சீக்கிரம் கொல்லும். தட்டில் புழுக்கை குறைந்தாலோ சிறுத்தாலோ உஷாராகிவிடுங்கள். 12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றால் டாக்டர்தான். அதுவரை புதினா, கொத்தமல்லி மாதிரி வாசனைத் தழைகளை ஈரத்தோடு நீட்டிப் பார்க்கலாம். பெல்லட்டை ஊறவைத்துக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுப்பதென்றால் வாயோரமாக, கொஞ்சம் கொஞ்சமாக, முயல் நான்கு காலிலும் நிற்கும்போது. மூச்சு ரொம்ப வாங்கும்போது இதையும் செய்யக் கூடாது, புரையேறிவிடும். மல்லாக்கப் போடவே போடாதீர்கள், வயிறு நெஞ்சை அழுத்தும்.

மதுரைக்காரன்:

துணைக்கு இன்னொரு முயல் வாங்கலாமா சகோ? தனியாக இருக்கிறதே பாவம்.

வேளச்சேரி வாசி:

எங்களுக்கும் ஆசைதான். நல்லா இருக்கிற முயல்களிலேயே நிறைய இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டுதான் இருக்கும் என்றார் டாக்டர். ஆனால் தும்முகிற ஒன்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதற்கும் ஒட்டலாம், புது ஆள் வந்த பதற்றத்தில் இவனுக்கும் கிளம்பலாம். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறோம். இரண்டை ஒன்றாக வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.