போடி – மூணாறு விடியற்காலைப் பயணம்: கேப் ரோட்டில் விரல் மரத்துப் போகிறது, எந்த கிளவுஸ் வாங்கலாம்?

முந்தல்_மோட்டார்:
வணக்கம். வீடு போடிநாயக்கனூரில். வேலை மூணாறைத் தாண்டி ஒரு தேயிலை ஃபேக்டரியில், எலக்ட்ரீஷியன். வாரம் முழுக்க அங்கேயே தங்கல். ஞாயிறு வீட்டுக்கு வந்துவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினால்தான் எட்டு மணி ஷிஃப்டுக்குச் சேர முடியும். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர்.

பிரச்சினை டிசம்பரில் ஆரம்பித்தது. முந்தல் செக்போஸ்ட் வரை குளிரே தெரியாது. போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரை சுகமாகத்தான் இருக்கிறது. பூப்பாறை தாண்டியதும் விரல் நுனி குத்த ஆரம்பிக்கும். கேப் ரோட்டில் கிளட்சைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். தேவிகுளம் வருவதற்குள் பல் தந்தியடிக்கிறது.

போட்டிருப்பது: காட்டன் பனியன், சட்டை, தடிமனான ஸ்வெட்டர், அதற்கு மேல் ரெக்சின் ஜாக்கெட். காலில் சாதா பேன்ட், ஷூ. கைக்கு முதலில் கம்பளி கிளவுஸ், அப்புறம் தோல் கிளவுஸ். இரண்டும் உதவவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல கிளவுஸ் எது?

புல்லட்_பிரியன்:
ஹீட்டட் கிரிப் (கரண்டில் சூடாகும் கைப்பிடி) போட்டுவிடுங்கள் தலைவா. வேலை முடிந்தது.

வயரிங்_வாத்தி:
அவர் வண்டியில் ஹெட்லைட்டே 35 வாட். கிரிப் ஹீட்டர் ஏறக்குறைய இன்னொரு ஹெட்லைட் அளவுக்குக் கரண்ட் கேட்கும். விடியற்காலை இருட்டில், மலை ரோட்டில், லைட்டையும் ஹீட்டரையும் அந்தச் சின்ன பேட்டரியில் ஓட்டச் சொல்வது நியாயமா? எலக்ட்ரீஷியனிடமே சொல்கிறீர்களே!

ஏலத்தோட்டம்:
தம்பி, கிளவுஸ் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. இவ்வளவையும் போடியில் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டா கிளம்புகிறீர்கள்? போய் இறங்கியதும் பனியனைத் தொட்டுப் பார்த்ததுண்டா?

முந்தல்_மோட்டார்:
வீட்டிலேயே போட்டுக்கொண்டுதான் அண்ணே. இறங்கும்போது பனியன் முதுகோடு ஒட்டி ஈரமாகத்தான் இருக்கும். பனி இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஏலத்தோட்டம்:
ரெக்சினுக்குள் பனி எப்படி இறங்கும்? அது உங்கள் வேர்வை. வெளியே இருந்து காற்றை உள்ளே விடாத ரெக்சின், உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. அடிவாரத்தில் ஜனவரியிலும் பெரிய குளிர் கிடையாது. அங்கே ஸ்வெட்டரும் ரெக்சினும் போட்டு, வளைவுக்கு வளைவு வண்டியைச் சாய்த்து ஏறினால் வேர்க்காமல் என்ன செய்யும்? காட்டன் அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. மலை ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரிக்குமேல் குறையும். போடிக்கும் தேவிகுளத்துக்கும் உயர வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டும். கேப் ரோட்டுக்கு வரும்போது ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு காற்றில் நிற்கிற ஆள் நீங்கள்.

இனி விரல் விஷயம். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் அவற்றைத்தான் காப்பாற்றும். கைக்கும் காலுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். கிளவுஸ் தானாகச் சூடு உண்டாக்குவதில்லை, வருகிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சூடே வராத கையில் ஐயாயிரம் ரூபாய் கிளவுஸ் போட்டாலும் இதே கதைதான். அதனால் காசை முதலில் பனியனில் போடுங்கள்.

நான் சொல்வது இது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு டி-ஷர்ட், மேலே ரெக்சின், ஜிப் பாதி திறந்து. ஸ்வெட்டர் பையில். போடிமெட்டு ஏறியதும் டீக்கடை ஓரம் நிறுத்தி, நனைந்த டி-ஷர்ட்டைக் கழற்றி, காய்ந்ததைப் போடுங்கள். காட்டன் வேண்டாம், பையன்கள் ஃபுட்பால் ஆடப் போடுகிற பாலியெஸ்டர் டி-ஷர்ட் போதும். கை நீளமானது, உடம்போடு ஒட்டினாற்போல. அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ரெக்சின், ஜிப் கழுத்து வரை. சட்டை பறந்துவிடாமல் இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் குளிரில் சட்டையைக் கழற்ற மனசு வராது, அதுதான் இதில் கஷ்டம்.

வயரிங்_வாத்தி:
காற்றுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு 5, 6 டிகிரி போலத்தான் தெரியும். 5 டிகிரியில் அதே வேகம் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே. கம்பளி கிளவுஸ் ஏன் உதவவில்லை என்றால், அதன் பின்னலுக்குள் காற்று நேராகப் புகும். கம்பளி உள்ளே இருக்கட்டும், அதற்கு மேல் காற்றுப் புகாத ஏதாவது ஒன்று வேண்டும். தோல் கிளவுஸைக் கம்பளிக்கு மேல் போட்டுப் பாருங்கள். ஆனால் இறுகக் கூடாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் மரத்துப்போகும். ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பவர்களுக்கும் இதேதான்.

லைன்வீட்டு_அக்கா:
தம்பி, நான் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், இப்போதும் ஸ்கூட்டியில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். எங்கள் அம்மா காலத்திலிருந்து கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் படங்கு கட்டுவார்கள். மழைக்கு மட்டும் இல்லை, காற்றுக்கும்தான். நீங்கள் மேலுக்கு எல்லாம் போட்டிருக்கிறீர்கள், காலை மறந்துவிட்டீர்கள். ஸ்ப்ளெண்டரில் முட்டியில் நேராகக் காற்று அடிக்கும். சாதா பேன்ட்டுக்கு மேல் ரெயின்கோட் பேன்ட் ஒன்றை இழுத்துவிடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

மணிக்கட்டில் சட்டைக்கும் கிளவுஸுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும், பாருங்கள். அங்கே காற்றுப் புகுந்தால் கை முழுக்கப் போய்விடும். கழுத்தும் அப்படியே. மஃப்ளர் சுற்றினால் நுனியை ஜாக்கெட்டுக்குள் விட்டு ஜிப்பைப் போடுங்கள். பெண்கள் கவனிக்க: ஷாலைத் தோளில் தொங்கவிட்டு ஓட்டவே வேண்டாம். சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் குளிர் எல்லாம் பெரிய விஷயமாகவே இருக்காது.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். குழந்தையை ஸ்கூட்டி முன்னால் நிற்க வைத்துக் காற்றை மறைக்கிற பலகை மாதிரி கூட்டிப் போகிறார்கள். நமக்குக் குளிராதது அது முன்னால் நிற்பதால்தான்.

குடிமகன்_77:
இவ்வளவு பேச்சு எதற்கு, கிளம்பும்போது ஒரு கட்டிங்.

செவிலி_தேனி:
அதைவிட மோசமான யோசனை கிடையாது. குடித்தால் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரியும். சூடாக இருப்பது போலத் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். போலீஸ், வளைவு, பள்ளம் எல்லாம் தனி.

முந்தல்_மோட்டார், மரத்த விரலைச் சிலர் சைலன்சரிலோ எஞ்சினிலோ வைத்துச் சூடு பண்ணுவார்கள். உணர்ச்சி இல்லாத தோல் வெந்து போனாலும் தெரியாது. கையை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், டீ கிளாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். நடுக்கம் அதிகமாகி, பேச்சுக் குழறி, சாவியைக் கூடப் போட முடியாமல் தடுமாறினால் அன்றைக்கு அதற்கு மேல் ஓட்டக் கூடாது. உள்ளே எங்காவது உட்கார வேண்டும். சாதாரண நாளிலும், தண்ணீரில் கை வைத்தாலே விரல் வெள்ளையாகிறதா? ஆகிறது என்றால் அது துணிப் பிரச்சினை இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள். டிரில்லிங் மெஷின் பிடிக்கிற வேலை என்றால் அதையும் சொல்லுங்கள்.

முந்தல்_மோட்டார்:
வெள்ளையாவதில்லை அக்கா, கேப் ரோட்டில் மட்டும்தான் இந்தப் பாடு.

இந்தத் திங்கட்கிழமை அண்ணன் சொன்னபடி போடிமெட்டில் டி-ஷர்ட்டை மாற்றினேன். டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஜாக்கெட் ஜிப்புக்கு உள்பக்கம் பழைய தினசரி இரண்டு தாளை மடித்து வைத்தேன், அது எங்கள் மாமா சொன்னது. கம்பளிக்கு மேல் தோல் கிளவுஸ். விரல் நுனியில் மட்டும் லேசாகக் குத்தல், கிளட்ச் நன்றாகத் தெரிந்தது. முட்டிதான் விறைத்துவிட்டது, ரெயின்கோட் பேன்ட் இன்னும் வாங்கவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. குரங்குக் குல்லா போட்டு ஹெல்மெட் மாட்டினால் அதன் கண்ணாடி முழுக்க ஆவி. மேகம் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

வயரிங்_வாத்தி:
குல்லா மூக்கை மூடினால் மூச்சு மேலே கண்ணாடிக்குத்தான் போகும். மூக்குக்குக் கீழே இறக்கிவிடுங்கள். தடிமனான குல்லா ஹெல்மெட்டையே லூஸாக்கும் அல்லது இறுக்கும், மெல்லியதாக வாங்குங்கள். கண்ணாடியின் உள்பக்கம் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு தடவி, காய்ந்த துணியால் பளிச்சென்று துடைத்தால் ஒரு பயணத்துக்குத் தாங்கும். மெதுவாகப் போகும்போது ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். வெளிப்பக்கம் படிகிற மேக ஈரத்துக்கு இது எதுவும் ஆகாது, கிளவுஸால் துடைக்க வேண்டியதுதான். அப்படியும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

முந்தல்_மோட்டார்:
சரி அண்ணே. ரெயின்கோட் பேன்ட் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

லைன்வீட்டு_அக்கா:
பெரும்பாலும் தனியாகத் தர மாட்டார்கள், செட்டாகத்தான். மேல்கோட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஜூனில் இந்தப் பக்கம் வரும்போது எப்படியும் தேடுவீர்கள். பேன்ட் இரண்டு சைஸ் பெரியதாக எடுங்கள், ஷூவைக் கழற்றாமல் மாட்ட வேண்டும்.