உதவி: ஹோலுக்குப் போட்ட மரத்தளம் எழும்புது (அவசரம்)

கொக்குவில்_வீடு:
வணக்கம். ஹோலுக்குப் போட்ட எஞ்சினியர்ட் வூட் மேல எழும்பிட்டுது. போட்டவர் போன் எடுக்கிறாரில்லை. அடுத்த கிழமை அக்கா ஆக்கள் கனடாவில இருந்து வருகினம். பாரமா ஏதும் ஏத்தி வைச்சால் அமருமோ? கெதியாச் சொல்லுங்கோ.

தச்சன்தோப்பு:
எழும்பினது எப்பிடி? ஒவ்வொரு பலகையிலயும் ஓரம் உயர்ந்து நடு பள்ளமோ, இல்லாட்டி நாலைஞ்சு பலகை சேர்ந்து கூடாரம் மாதிரி நிக்குதோ? ரெண்டுக்கும் வைத்தியம் வேற. பசை போட்டு ஒட்டினதோ, ஒண்டுக்குள்ள ஒண்டு கொழுவிற கிளிக்கோ? கீழ் வீடோ, மாடியோ?

மழைக்காகம்:
கறையான். எழுதி வையுங்கோ.

பழைய_கை:
இதைப் பற்றி இங்க எத்தினை தரம் கதைச்சாச்சு, ஒருத்தரும் தேடிப் பாக்கிறேல்லை. முதல்ல அது எஞ்சினியர்ட் தானோ எண்டு தெரியுமோ? வெட்டின துண்டைத் திருப்பிப் பாருங்கோ. மேல ரெண்டு, மூண்டு மில்லி நிஜ மரம், கீழ பிளைவூட் அடுக்கு தெரியோணும். கபில நிறத்தில தூள் அமத்தின அட்டை மாதிரி எண்டால் லாமினேட். காசு குடுக்க முதல் பாக்க வேண்டிய வேலை.

கொக்குவில்_வீடு:
அடுக்கு இருக்கு. 14 மில்லி. கிளிக். கீழ் வீடு, பழைய சிவப்புச் சீமெந்துக்கு மேல. கூடாரம்தான், ஜன்னல் பக்கம்.

தச்சன்தோப்பு:
அப்ப சுவரடியில ஓடுற பட்டியை, ஸ்கேர்ட்டிங்கைக் கழட்டுங்கோ. சுத்திவர 10–12 மில்லி இடைவெளி இருக்கோணும், கதவு நிலையடியிலயும். இந்தக் கார்த்திகை ஈரத்துக்குப் பலகை அகலத்தில விரியும். சுவர் மறிச்சால் மேலதான் கிளம்பும். பாரம் ஏத்தாதேங்கோ, கிளிக் உடையும். ஓரத்தை வெட்டி விட்டால் அநேகமாத் தானா அமரும்.

அதோட ரெண்டடிப் பொலித்தீன் துண்டை வெறும் சீமெந்தில வைச்சு நாலு பக்கமும் செலோரேப் அடிச்சு ஒரு நாள் விடுங்கோ. உள்ளுக்கு வியர்த்தாலோ சீமெந்து கறுத்தாலோ நிலத்தால ஈரம் ஏறுது. பழைய வீடுகளில அடியில பொலித்தீன் விரிச்சுக் கொங்கிறீட் போட்டது குறைவு. அப்பிடியெண்டால் ஓரம் வெட்டினாலும் காணாது, பலகையைக் கழட்டி ஈரத்தடுப்பு விரிச்சுத்தான் திரும்பப் போடோணும்.

ஸ்காபரோ_ஆள்:
இங்க என்ர வீட்டில கனகாலமாக் கிடக்கு, ஒரு சத்தமில்லை. அங்க வேலை தெரிஞ்ச ஆக்கள் இல்லை.

மழைக்காகம்:
அண்ணை, உங்க பனிக்கு ஹீட்டர் போட்டு வீடு காய, பலகை சுருங்கி நீக்கல் விடும். இங்க மழைக்கு ஊதும். அங்கத்தைக் கணக்கு இங்க சரிவராது.

ஸ்காபரோ_ஆள்:
கறையான் எண்டு சொன்ன ஆள் நீர்தானே?

முற்றத்து_வேம்பு:
சிவப்புச் சீமெந்தை மூட ஆருக்கு மனம் வந்தது? வெயில் காலத்தில அதில பாயில்லாமலே படுக்கலாம்.

பழைய_கை:
மூடத்தான் வேணுமெண்டால் எஸ்பிசி, கல்லுத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்யிற பலகை. ஈரத்துக்கு ஊதாது. ஆனா நிலம் மட்டமில்லாட்டி அதின்ர கிளிக்கும் உடையும், பிறகு இங்க வந்து அழாதேங்கோ.

கொக்குவில்_வீடு:
கழட்டினம். பலகை சுவரோட முட்டித்தான் நிக்குது. நிலையடியில சீமெந்து வேற பூசியிருக்கு. நாளைக்கு ஒராள் வெட்ட வாறார். நன்றி.

தச்சன்தோப்பு:
பொலித்தீன் ஒட்டினீங்களோ?

முற்றத்து_வேம்பு:
எங்கட சிவப்பு நிலம் வெளிறிப் போச்சு. என்ன பொலிஷ் போடுறது, தெரிஞ்சவை சொல்லுங்கோ.