தலைகீழாகப் பறந்தால் இன்ஜின் அணைகிறது, உச்சியில் லைன் தொய்கிறது – உதவி வேண்டும்

கேள்வி (காரைக்குடி)
வணக்கம். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறேன். கன்ட்ரோல் லைனில் (கையில் ஹேண்டிலைப் பிடித்து, கம்பியில் கட்டிய மாடல் விமானத்தை நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடுவது) இது நான் கட்டிய முதல் ஸ்டன்ட் (வித்தை காட்டும்) மாடல். பால்சா மரத்தில் தட்டைப் பலகையாக வெட்டிய புரொஃபைல் உடல், பக்கவாட்டில் படுக்கவைத்த .35 (கன அங்குலம்) க்ளோ இன்ஜின், எடை 1.1 கிலோ, லைன் 18 மீட்டர்.

தலைகீழாகப் பறக்கவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் சத்தம் கீச்சென்று ஏறும், மூன்றாவது சுற்றில் அணைந்துவிடும். சரி என்று நீடிலை (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) கால் சுற்றுத் திறந்துவைத்தேன். இப்போது அணைவதில்லை. ஆனால் தலைக்கு மேலே ஏற்றினால் லைன் தொய்ந்துவிடுகிறது, ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் எலிவேட்டர் (மேலும் கீழும் திருப்பும் வால் தகடு) கேட்பதில்லை. நேற்று கோட்டையூர்ப் பொட்டலில் பின்னாலேயே ஓடித்தான் லைனை இறுக்கினேன். வெளி இறக்கை நுனியில் 20 கிராம் ஈயம் கூடுதலாக ஒட்டியும் பார்த்தேன். தொய்வு நிற்கவில்லை, திருப்பும்போது குலுங்கவும் செய்கிறது. போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மூன்று மாதம் ராத்திரியில் உட்கார்ந்து ஒட்டிய இறக்கை, உடைந்தால் இன்னொன்று கட்ட நேரமில்லை.

பதில் (திருச்சி)
லைன் தொய்கிறது என்றால் சுக்கானை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். இன்ஜினுக்கு அடியில் வாஷர் கொடுத்து அதையும் 2 டிகிரி வெளியே பார்க்க வையுங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

பதில் (தேவகோட்டை)
தம்பி, சுக்கானையும் இன்ஜினையும் இப்போது தொடாதே. ஏற்கெனவே நீடில், ஈயம் என்று இரண்டு இடத்தில் கை வைத்துவிட்டாய். மூன்றாவதாக ஒன்றை மாற்றினால் எது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் ஒரு வேலை செய். ஸ்டாப்வாட்சை யாரிடமாவது கொடுத்து, நேராக நாலு சுற்று, தலைகீழாக நாலு சுற்று நேரம் எடுக்கச் சொல். ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று எழுது.

கேட்டவர்
தங்கையைக் கூட்டிப்போய் எடுத்தேன் அண்ணே. நேராக 6.1 வினாடி, தலைகீழாக 5.4.

பதில் (மதுரை)
ஃபில்டரில் மண் அடைத்திருக்குமோ? உங்கள் ஊர்ச் செம்மண் எரிபொருளில் உள்ள விளக்கெண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டினால் லேசில் போகாது.

பதில் (தேவகோட்டை)
ஃபில்டரைக் கழுவுவது நல்லதுதான். ஆனால் அடைப்பு இருந்தால் நேராகவும் கவிழ்த்தும் லீன் (எரிபொருள் குறைவு) ஆகும். டேங்க் குழாயில் ஓட்டை இருந்தாலும் அப்படித்தான். இங்கே நேராக ரிச் (எரிபொருள் அதிகம்), அதனால்தான் மெதுவாக 6.1; கவிழ்த்தால் லீன், அதனால் வேகமாக 5.4. அப்படியென்றால் டேங்க் உயரமாக உட்கார்ந்திருக்கிறது.

டேங்கின் நடுமட்டம் ஜெட்டைவிட (இன்ஜினுக்குள் எரிபொருள் வரும் துளை) மேலே இருந்தால், நேராகப் பறக்கும்போது எரிபொருள் தானாக இறங்கும். கவிழ்த்துவிட்டால் அதே டேங்க் ஜெட்டுக்குக் கீழே போய்விடும், இன்ஜின் உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க நீ நீடிலைத் திறந்தாய், அதனால் நேர்ப் பறப்பு மந்தமாகிவிட்டது. தொய்வு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கணக்குப் போட்டுப் பார். 18 மீட்டரில் 5.4 வினாடிச் சுற்று என்றால் உன் மாடல் ஏறக்குறைய 2.7 கிலோ இழுக்கும். 6.1 என்றால் 2.1 கிலோதான். உச்சிக்குப் போனதும் அதில் மாடலின் எடை 1.1 கிலோ கழிந்துவிடும். 1.6 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1 கிலோ. ஏறும்போது வேகம் குறைவதையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது.

டேங்க் கட்டைத் தளர்த்தி 2 மில்லிமீட்டர் இறக்கு, பறக்கவிட்டு நேரம் எடு. இரண்டு நேரமும் ஒன்றாகும்வரை இறக்கிக்கொண்டே வா. அதற்கப்புறம் நீடில், கடைசியில் ஈயம்.

இன்னொன்று. இது ஆடிக் காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுதானே உச்சிக்கு ஏற்றுகிறாய்? முகத்தில் காற்று அடித்தால் அது விமானத்தை உன் பக்கம் தள்ளும், எந்த டேங்கும் காப்பாற்றாது. பின்னால் ஓடினேன் என்கிறாய். எங்கே ஓடுகிறோம் என்று அப்போது கண் பார்க்காது. உன் கையில் இருப்பது இரும்புக் கம்பி, மின்கம்பி போகும் பக்கத்தில் வட்டமே போடாதே. மணிக்கட்டுக் கயிறு இல்லாமல் ஹேண்டிலைப் பிடிக்காதே.

கேட்டவர்
அண்ணே, சரியாகிவிட்டது. காரணமும் கிடைத்தது. போன மாதம் பழைய டேங்க் ஒழுகியதால் வேறு டேங்க் போட்டேன். அது 8 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். உடலில் பென்சிலால் போட்ட பழைய கோட்டோடு அடிவிளிம்பைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், அதனால் நடுமட்டம் 4 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது. 2 இறக்கினேன், வித்தியாசம் பாதியானது. 4 இறக்கி நீடிலைக் கால் சுற்று மூடினேன். நேராக 5.4, தலைகீழாக 5.4. தங்கை நம்பாமல் இரண்டு தடவை எடுத்தாள். ஒட்டிய ஈயத்தையும் எடுத்துவிட்டேன், குலுக்கல் இல்லை. காற்றைப் பற்றிச் சொன்னதும் சரிதான், நான் நின்ற திசை தப்பு. உச்சியில் எட்டுப் போடும்போது முதல் தடவையாகக் கை இழுக்கிறது.

பதில் (தேவகோட்டை)
ரொம்ப சந்தோஷம் தம்பி. டேங்குக்குப் புதுப் பென்சில் கோட்டை இப்போதே அழுத்திப் போட்டுவை. போட்டியை எஃப்2பி (கன்ட்ரோல் லைன் ஸ்டன்ட்டுக்கான சர்வதேசப் பிரிவு) விதிப்படி நடத்தினால் எடையைப்போல் 10 மடங்கு, உனக்கு 11 கிலோ, இழுத்துப் பார்த்துத்தான் பறக்க விடுவார்கள். ஓடி இழுத்த லைன் அது, லீட்அவுட் (இறக்கையிலிருந்து வெளியே வந்து லைனோடு சேரும் கம்பி) முனைகளை விரலால் தடவிப் பார். ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடு.