ஓய்வுநாளில் நான் போட்ட விளக்கு

யூத நண்பன் ஒருவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தேன். அவனுக்கு வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சபாத், அதாவது ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவான். அதற்கு முன் ஒரே ஓட்டம்தான். சமைத்து முடிக்க வேண்டும், ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பல்பைக் கழற்ற வேண்டும் (கதவைத் திறந்தால் எரியுமே!). டிஷ்யூ தாளைக்கூட முன்கூட்டியே கிழித்து அடுக்கி வைப்பான். விலக்கப்பட்ட வேலைகள் 39 வகையாம். கிழிப்பதும் நெருப்பு மூட்டுவதும் அதில் அடக்கம். ஸ்விட்ச் போடுவதும் கூடாது.

ஒருமுறை ஹால் விளக்கை எரியவிட மறந்துவிட்டான். அரை இருட்டில் புத்தகத்தைக் கண்ணுக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்ததால் ஸ்விட்சைத் தட்டினேன். சிரித்தான், புத்தகத்தை மூடினான், எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து, ஓய்வுநாளை வழியனுப்ப அவன் கிராம்பை முகர்ந்துகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "எனக்காக நீ செய்த வேலையில் நான் சுகம் காணக் கூடாது" என்றான்.

நான் ஞாயிறு ஆராதனைக்குப் போய் வளர்ந்தவன். பத்துக் கட்டளைகள் சின்ன வயதிலேயே மனப்பாடம். ஆனால் அன்றைக்குத்தான் யாத்திராகமம் 20ஐ நிதானமாகப் படித்தேன். வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், கடைசியில் வாசல்களில் இருக்கிற அந்நியன், எல்லோருக்கும் ஓய்வு. அவன் சொன்ன காரணம் வேறு, இருந்தாலும் அந்த வீட்டில் அந்நியன் நான்தானே என்று தோன்றியது.

---

நான் முஸ்லிம், என் கதை நேர்மாறு. ஜும்ஆ தொழுகைக்கு ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேன். மேலாளர் பெருந்தன்மையாக வெள்ளிக்கிழமை முழுவதும் லீவு என்றார். "உங்கள் சபாத் ஆயிற்றே!" வெள்ளி எங்களுக்கு ஓய்வுநாளே இல்லை. குர்ஆனின் 62ஆம் அத்தியாயம் தொழுகை அழைப்பு வந்தால் வியாபாரத்தை விடச் சொல்கிறது, முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடச் சொல்கிறது. இதை விளக்கிவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் மேஜைக்குத் திரும்பினேன். லீவை விட்ட வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

---

நாங்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். (ஞாயிறு ஓய்வுக்கு 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டத்தைப் பற்றி அப்பாவிடம் பேச்செடுத்தால் எழுந்து வர முடியாது.) முக்கியமான பரீட்சை ஒன்று சனிக்கிழமை வந்தது. கெஞ்சியதில் ஒரு வழி சொன்னார்கள்: காலையிலேயே வந்து, யாரோடும் பேசாமல் தனி அறையில் காத்திருந்து, சூரியன் மறைந்ததும் எழுதலாம். நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வித்தாள் கைக்கு வந்தபோது அறையில் விளக்கு போட்டிருந்தார்கள்.