ஸுரய்யா: பொருள் என்ன, அரபியில் எப்படி எழுதுவது?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். பெண் குழந்தைக்கு ஸுரய்யா என்று பெயர் வைக்க எண்ணம். 'இளவரசி' என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, 'நட்சத்திரம்' என்று இன்னோரிடத்தில். சூரியனிலிருந்து வந்தது, அரபியே இல்லை என்கிறார் ஒருவர். எது சரி? குர்ஆனில் வருகிறதா? சுரையா, துரையா, சொராயா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களே, அரபியில் எந்த எழுத்து?

பதில் 1:
வஅலைக்குமுஸ்ஸலாம். அசல் அரபிப் பெயர். சூரியனோடு ஓசை மட்டும்தான் ஒட்டுகிறது, வேர் வேறு.

ஒற்றை நட்சத்திரமும் அல்ல, ஒரு கூட்டம். நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்வதைத்தான் அரபிகள் 'அஸ்ஸுரய்யா' என்கிறார்கள். சந்திரன் தங்கும் மனைகளை அவர்கள் 28 என்று எண்ணினார்கள். அதில் இது மூன்றாவது. நம் 27 நட்சத்திர வரிசையிலும் கார்த்திகை மூன்றாவதுதான்.

வேரெழுத்துகள் ஸா, ரா, வாவ். செல்வத்தைக் குறிக்கும் 'ஸர்வத்' இதிலிருந்து வந்ததே. 'ஸர்வா' என்றால் நிறைவு மிக்கவள். ஹஸன் என்பது ஹுஸைன் ஆவதுபோல, ஸர்வாவைச் செல்லமாகச் சிறிதாக்கினால் ஸுரய்யா. இடையிலிருந்த வாவ், பக்கத்து யாவோடு சேர்ந்து தானும் யாவாகிவிட்டது. 'ய்யா' என்று அழுத்தி ஒலிப்பது அதனால்தான். சின்ன இடத்துக்குள் இத்தனை மீன்கள் நெருங்கியிருப்பதால் இந்தப் பெயர் என்பது அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம்.

'இளவரசி' என்பது பொருளே அல்ல. ஆப்கானிஸ்தானில் அமானுல்லா கானின் அரசிக்கும், ஈரானில் 1951 முதல் 1958 வரை ஷாவின் மனைவியாக இருந்தவருக்கும் இந்தப் பெயர் இருந்தது. அதைப் பார்த்து யாரோ எழுதியதாக இருக்கலாம். சொராயா என்பது பாரசீக உச்சரிப்பை ஒட்டியது.

பதில் 2:
எழுத்துக்கு வருகிறேன், அதிகம் தவறுவது இங்கேதான். முதலில் மூன்று புள்ளி உள்ள ஸா, உகரக் குறியுடன். பிறகு அகரத்தோடு ரா. அடுத்து ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) போட்ட யா. கடைசியில் நேராக நிற்கும் அலிஃப்.

ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டு எழுதிய சான்றிதழைப் பார்த்து அரபியில் பெயர்ப்பவர்கள் ஸீன் அல்லது ஸாத் என்ற வேறு எழுத்தைப் போட்டுவிடுவார்கள். வேரே மாறிப்போகும். யா வடிவில் வளையும் அலிஃபையும் கடைசியில் போடக் கூடாது. முன்னால் யா இருந்தால் நேர் அலிஃப்தான், 'துன்யா'வில் போல. யாவை விட்டுவிட்டால் இன்னும் மோசம்: 'ஸரா' என்றாகிவிடும். அதன் பொருள் ஈரமண் (தாஹா அத்தியாயம், 6ஆம் வசனத்தில் வரும் சொல்). மண் எங்கே, ஸுரய்யா எங்கே என்று ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்துக்கு அரபியில் ஒரு பழமொழியே உண்டு.

நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலி இது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. ஹதீஸ், உஸ்மான் என்று எழுதும்போது நாம் 'ஸ' போடுவது இதே எழுத்துக்குத்தான். ஆகவே 'ஸுரய்யா' நம் வழக்கத்துக்குப் பொருந்தும். 'துரையா' வேண்டாம், படிப்பவர் 'துரை' என்று இழுத்துவிடுவார். ஆங்கிலத்தில் 'எஸ்' வைத்தாலும் 'டிஎச்' வைத்தாலும் பிறப்புச் சான்றிதழில் உள்ளதே பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும். அரபி வடிவத்தைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு, மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது சேர்த்தே கொடுங்கள்.

பதில் 3:
குர்ஆனில் இந்தச் சொல் நேராக வரவில்லை. 53ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் 'நஜ்ம்' ஸுரய்யாவையே குறிக்கிறது என்று விளக்கம் தந்த முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) உண்டு. ஹதீஸில் நேராகவே இருக்கிறது. ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) மீது கை வைத்து, ஈமான் (இறைநம்பிக்கை) ஸுரய்யாவில் இருந்தாலும் இவர்களில் (பாரசீகர்களில்) சிலர் அதை அடைந்துவிடுவார்கள் என்று நபி (ஸல்) சொன்னதாக புகாரீ ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது.

கவிதையில் இதற்கு இன்னும் அழகான இடம். மணிகள் இடைவிட்டுக் கோத்த மேகலை போல ஸுரய்யா வானில் தெரிந்தது என்கிறார் பழைய அரபுக் கவிஞர் இம்ருல் கைஸ். இன்னொரு கவிஞரான உமர் இப்னு அபீ ரபீஆ பாடிய ஸுரய்யா என்ற பெண்ணை மணந்தவர் பெயர் ஸுஹைல். ஸுஹைல் என்பது அகத்திய நட்சத்திரம். அவள் ஷாம் (சிரியா) பக்கத்தவள், அவன் யமன் பக்கத்தவன், இருவரும் எப்படிச் சந்திப்பார்கள் என்று கேட்டார் கவிஞர். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்ற வானியலும் அதில் பிசகவில்லை.

இன்றைய அரபியில் கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்குக்கும் ஸுரய்யா என்றே பெயர்.

கேட்டவர்:
ஜஸாகல்லாஹு ஹைரன். 'அஸ்' சேர்த்து அஸ்ஸுரய்யா என்று பதிய வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். 'அல்' சேர்ந்து 'அஸ்' ஆவது வானத்து மீன்கூட்டத்துக்கு. பெண்ணுக்கு வெறும் ஸுரய்யா.