கேமரா க்ளிப் மட்டும் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றணுமா?

மாலைவெயில்:
வணக்கம். தோழிகள் போட்ட மேடை நாடகத்தை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டர்தான்: 10ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, விண்டோஸ். போனில் எடுத்த க்ளிப்புகள் நன்றாகவே ஓடுகின்றன. மிரர்லெஸ் கேமராவில் எடுத்தவைதான் பிரச்சினை. ப்ளே அழுத்தினால் படம் உறைந்து நிற்கிறது, வசனம் மட்டும் தன்பாட்டுக்குப் போகிறது. இரண்டுமே 4கே, இரண்டுமே ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை). ப்ரிவியூவைக் கால்வாசியாகக் குறைத்தும் பலனில்லை. கார்டை மாற்றினால் சரியாகுமா?

கத்தரிக்கோல்:
கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்குக் கார்டு வாங்க வேண்டாம். மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் இரண்டு வகை க்ளிப்பையும் திறந்து, குரோமா சப்சாம்பிளிங் (நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது) வரியில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம், க்ளிப் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வையுங்கள். 'வீடியோ டீகோட்' (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலை) கோடு ஏறுகிறதா?

மாலைவெயில்:
போன்: 4:2:0, 8 பிட். கேமரா: 4:2:2, 10 பிட். போன் க்ளிப்புக்கு டீகோட் கோடு மேலே எழும்புகிறது. கேமரா க்ளிப்புக்கு அது அசையவே இல்லை, ஆனால் சிபியு 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கத்தரிக்கோல்:
அதேதான். ஹெச்இவிசியில் முழுப்படம் எப்போதாவது ஒன்றுதான் வரும். நடுவில் இருப்பவை, அக்கம்பக்கத்து ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைச் சொடுக்கினால், அந்த ஒரு படத்துக்காகப் பக்கத்துப் படங்களையும் பிரித்தாக வேண்டும். இந்த வேலைக்கென்றே கார்டில் தனிப் பகுதி உண்டு. உங்கள் கார்டில் உள்ளது 4:2:0-வைப் பிரிக்கும், 4:2:2-வைத் தொடாது. ப்ராசஸரில் இதே வேலைக்கென்று உள்ள குயிக் சிங்க்கும் அப்படியே. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் ஹெச்இவிசி 4:2:2 வந்தது, என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். அதற்கு முந்தைய என்விடியா கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தச் சுமை சிபியு தலையில்தான் விழும். ப்ரிவியூவைக் குறைத்தும் பலனில்லாததற்குக் காரணமும் இதுதான்: முழு 4கே படத்தையும் பிரித்த பிறகுதான் சிறிதாக்க முடிகிறது.

ப்ராக்ஸி போடுங்கள், அதாவது எடிட் செய்ய மட்டும் ஓர் இலகுவான நகல். 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி. இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனிப்படம், பழைய கம்ப்யூட்டர்கூடச் சமாளிக்கும். இடம்தான் பிடிக்கும்: 30 ஃப்ரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி நொடிக்குச் சுமார் 45 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 20 ஜிபி. நிறத்தைச் சரிசெய்யும்போது மட்டும் ப்ராக்ஸியை அணைத்துவிட்டு அசலில் பாருங்கள்.

பின்னிரவு ரெண்டர்:
சரியான யோசனை. ப்ராக்ஸிகளை எஸ்எஸ்டியில் வையுங்கள். இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட்டும்போது வெளி ஹார்ட் டிஸ்க் திணறலாம்.

இன்னொன்று, நாடகம் என்பதால் சொல்கிறேன். மீடியாஇன்ஃபோவில் போன் க்ளிப்பின் 'ஃப்ரேம் ரேட் மோடு' வரியையும் பாருங்கள். 'வேரியபிள்' (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது மாறிக்கொண்டே இருக்கும்) என்றிருந்தால் தொடக்கத்தில் எல்லாம் பொருந்தும், நேரம் ஆக ஆக உதடும் வசனமும் விலகிக்கொண்டே போகும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (மாறாத வேகம்) ஆக்கிவிட்டு, அந்தப் புது ஃபைலையே எடிட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும்.

மாலைவெயில்:
ப்ராக்ஸியில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது! பின்னோக்கி இழுத்தால்கூட நிற்கவில்லை. போன் க்ளிப் வேரியபிள்தான், மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரே சந்தேகம்: டிஸ்கில் இடம் குறைகிறது. ப்ராக்ஸி இருப்பதால் கேமரா அசலை அழித்துவிடலாமா?

கத்தரிக்கோல்:
ஐயோ, வேண்டவே வேண்டாம். எக்ஸ்போர்ட் அசலிலிருந்துதான் ஆக வேண்டும். அசல் இல்லையென்றால் 1080 ப்ராக்ஸிதான் மிஞ்சும், 4கே போய்விடும். எக்ஸ்போர்ட் பக்கத்தில் 'ப்ராக்ஸியைப் பயன்படுத்து' அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் வேண்டுமென்றால் அசலை வெளி டிஸ்குக்கு நகர்த்தி, மென்பொருளில் புது இடத்தைக் காட்டி ரீலிங்க் செய்துகொள்ளுங்கள். நாடகம் முடிந்து எக்ஸ்போர்ட்டும் ஆன பிறகு ப்ராக்ஸியைத் தாராளமாக அழிக்கலாம். தேவைப்பட்டால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.