சுக்கான் மண்ணில் டெட்ராகுளோரோஈத்தேன் பாதிதான் வருகிறது, டிரைகுளோரோஈத்தீன் கூடுதலாக வருகிறது. உதவி தேவை

கோவை_லேப்:
வணக்கம். மண்ணில் விஓசி, அதாவது ஆவியாகும் கரிமச் சேர்மங்களை அளக்கும் முறையை என்ஏபிஎல் (ஆய்வக அங்கீகார வாரியம்) ஸ்கோப்பில், அதாவது அங்கீகாரம் பெற்ற சோதனைகளின் பட்டியலில், சேர்ப்பதற்காக வேலிடேஷன் (முறை சரியாக அளக்கிறதா என்ற சரிபார்ப்பு) செய்துகொண்டிருக்கிறோம். ஹெட்ஸ்பேஸ் ஜிசி-எம்எஸ், அதாவது மூடிய குப்பியைச் சூடாக்கி மேலே சேரும் ஆவியைப் பிரித்து அளப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவின் 5021ஏ, 8260டி இரண்டையும் ஒட்டித்தான் முறையை எழுதியிருக்கிறோம். 22 மில்லி வயலில் (சிறு கண்ணாடிக் குப்பி) 2 கிராம் மண், 10 மில்லி உப்புக் கரைசல், 85 டிகிரியில் 50 நிமிடம். கருவியில் குறை தெரியவில்லை. பிஎஃப்பி ட்யூன் (கருவியின் அயனி அளவுச் சோதனை) தேறுகிறது, காலிபரேஷனில் எல்லாவற்றுக்கும் ஆர்எஸ்டி (சிதறல்) 20 சதவீதத்துக்குள் இருக்கிறது.

சுத்தமான மணலில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் ஸ்பைக் போட்டால் (தெரிந்த அளவு சேர்மத்தைச் சேர்த்தால்) பிரச்சினையே இல்லை. பல்லடம் பக்கத்தில் எடுத்த மண்ணில் (சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி கலந்தது, அமிலம் சொட்டினால் பொங்கும்) அதே ஸ்பைக் போட்டால் ரெகவரி, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைத்த சதவீதம், இப்படி:

பென்சீன் 97, டொலுயீன் 95
டிரைகுளோரோஈத்தீன் 132 (மணலில் 99)
1,1,2,2-டெட்ராகுளோரோஈத்தேன் 52 (மணலில் 96)
நாப்தலீன் 61 (மணலில் 93)

எங்கள் வரம்பு 70 முதல் 130 வரை. ஸ்பைக் போடாத மண்ணில் டிரைகுளோரோஈத்தீன் துளியும் இல்லை. அமில உப்பான சோடியம் பைசல்பேட் போட்டால் வயல் நுரைத்துத் தள்ளுகிறது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மேலாளர், "மேட்ரிக்ஸ் எஃபெக்ட் என்று எழுதி முடித்துவிடு" என்கிறார், அதாவது மண்ணின் தன்மையால் அளவீடு தடுமாறுகிறது என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஸ்பெக்ட்ரம்65:
முதலில் டிரைகுளோரோஈத்தீன் பீக்கில் 95, 130, 132 அயனிகளின் விகிதம் ஸ்டாண்டர்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறு ஏதாவது சேர்மம் அங்கே வந்து உட்கார்ந்திருந்தால் விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். டெட்ராகுளோரோஈத்தேன் கருவிக்குள் போகும் பாதையில் அழுக்கு இருந்தாலும் சிதையும். ஆனால் மணலில் 96 வருகிறதென்றால் பாதையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கோவை_லேப்:
விகிதம் சரியாக இருக்கிறது சார். ரிடென்ஷன் நேரமும் (பீக் வெளிவரும் நேரம்) நகரவில்லை. அது டிரைகுளோரோஈத்தீனேதான்.

கரிசல்காடு:
அப்படியானால் ஒன்று குறைவதையும் இன்னொன்று கூடுவதையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே கணக்கு. 1,1,2,2-டெட்ராகுளோரோஈத்தேன் காரச் சூழலில் ஒரு ஹைட்ரஜன் குளோரைடை இழந்து டிரைகுளோரோஈத்தீன் ஆகும். சுக்கான் மண்ணை நீரில் கலக்கினால் பிஹெச் 8-க்கு மேல் போகும். சாதாரண வெப்பத்தில் இந்த வினைக்கு நாள்கணக்கில் ஆகும். 85 டிகிரியில் 50 நிமிடமே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணலோடு ஒப்பிட்டால் டெட்ரா 44 சதவீதம் குறைந்திருக்கிறது, அதாவது கிலோவுக்கு 22 மைக்ரோகிராம். மூலக்கூறு எடை 167.9-லிருந்து 131.4-க்கு மாறுவதால் அதிலிருந்து 17.2 மைக்ரோகிராம் டிரைகுளோரோஈத்தீன் வர வேண்டும். 50-ல் அது 34 சதவீதம். 99-உம் 34-உம் 133. உங்களுக்கு வந்தது 132. இதை மேட்ரிக்ஸ் எஃபெக்ட் என்று எழுதினால் கண்ணெதிரே இருக்கும் வேதிவினையை மறைத்த மாதிரிதான்.

உறுதி செய்ய ஒரு சோதனை போதும். டெட்ராகுளோரோஈத்தேனை மட்டும் தனி ஸ்டாண்டர்டாக அந்த மண்ணில் ஸ்பைக் செய்து ஓட்டுங்கள். டிரைகுளோரோஈத்தீன் முளைத்தால் வழக்கு முடிந்தது. பட்டியலில் பென்டாகுளோரோஈத்தேன் இருந்தால் அதையும் கவனியுங்கள், அது இதே வழியில் டெட்ராகுளோரோஈத்தீன் ஆகும்.

ஸ்பெக்ட்ரம்65:
கணக்கு கச்சிதம். ஆனால் தீர்வு என்று யாராவது உப்புக் கரைசலில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து பிஹெச் 2-க்குக் கொண்டுவரச் சொல்வார்கள். மற்ற மண்ணுக்கு அது நல்ல யோசனை. இந்த மண்ணில் தயவுசெய்து வேண்டாம். மண்ணில் 10 சதவீதம் கால்சியம் கார்பனேட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 கிராமில் 0.2 கிராம், அதாவது 2 மில்லிமோல். முழுதும் கரைந்தால் அறை வெப்பத்தில் சுமார் 49 மில்லி கார்பன் டை ஆக்சைடு. உங்கள் வயலில் காலியிடம் 11 மில்லிதான். மூடிவிட்டு 85 டிகிரியில் வைத்தால் செப்டம் (வயல் மூடியின் ரப்பர் அடைப்பு) கசியும், வயல் வெடிக்கவும் கூடும். திறந்து வைத்துப் பொங்கவிட்டாலோ வினைல் குளோரைடு மாதிரி லேசானவை வாயுவோடு போய்விடும்.

மண்புழு_உரம்:
நாப்தலீன் 61 தனிக் கதை. அது சிதையவில்லை. களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு மேலே வர மறுக்கிறது. அதற்கு எந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஒப்பிடுவதற்காக வயலில் சேர்க்கும் சேர்மம்) பயன்படுத்துகிறீர்கள்? ஃபுளோரோபென்சீனோடு ஒப்பிட்டால் நாப்தலீன் பட்ட பாடு அதில் தெரியாது, ஃபுளோரோபென்சீன் பென்சீன் போல எளிதாக வெளியே வந்துவிடும். குறைந்தபட்சம் 1,4-டைகுளோரோபென்சீன்-டி4, முடிந்தால் நாப்தலீன்-டி8.

கோவை_லேப்:
எல்லோருக்கும் நன்றி. டெட்ராவை மட்டும் ஸ்பைக் செய்த வயலில் டிரைகுளோரோஈத்தீன் தெளிவாக வந்தது. கலக்கிய மண்ணின் பிஹெச் 8.2. வெப்பத்தை 60 டிகிரிக்குக் குறைத்ததும் டெட்ரா 86, டிரை 107. இரண்டும் வரம்புக்குள். ஆனால் நாப்தலீன் 48-க்கு இறங்கிவிட்டது. 60-லேயே முடித்து, நாப்தலீனை மட்டும் ஸ்கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா?

கரிசல்காடு:
உங்களுக்கு வரும் சாம்பிள் எங்கிருந்து என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் பங்க் தொட்டி தோண்டிய இடமென்றால் நாப்தலீனை விட முடியாது, டெட்ரா அங்கே இருக்கவே இருக்காது. உலோகத்துக்கு எண்ணெய் போக்கும் பட்டறை மண் என்றால் நேர்மாறு. அங்கே டிரைகுளோரோஈத்தீன் பொய்யாகக் கூடினால் அறிக்கையே திசை மாறிவிடும். 60 டிகிரியிலும் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது, அந்த 107-ஐ மறந்துவிடாதீர்கள். ரெகவரி எண்ணால் பெருக்கித் திருத்தும் வேலை மட்டும் வேண்டாம். டெட்ரா இல்லாத மண்ணில் அந்தத் திருத்தமே பிழையாகிவிடும்.

ஸ்பெக்ட்ரம்65:
நானாக இருந்தால் மெத்தனாலுக்குப் போவேன். 5 கிராம் மண்ணை 5 மில்லி மெத்தனாலில் குலுக்கி, தெளிந்ததில் 100 மைக்ரோலிட்டரை பிஹெச் 2 உப்புக் கரைசல் 10 மில்லியில் விட்டு ஹெட்ஸ்பேஸில் வையுங்கள். சுண்ணாம்பு மண்ணோடு வெளியிலேயே நின்றுவிடும், வயலுக்குள் காரமும் இல்லை, பொங்கலும் இல்லை. நாப்தலீனும் மெத்தனாலில் நன்றாகக் கழன்று வரும். விலை என்னவென்றால், வயலில் 2 கிராமுக்குப் பதில் 0.1 கிராம் மண்தான் இருக்கும். கண்டறியும் எல்லை 20 மடங்கு உயரும். இப்போது கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்றால் 40 ஆகும். வாடிக்கையாளர் கேட்பது டச்சு இன்டர்வென்ஷன் மதிப்பு (நெதர்லாந்தில் மண் மாசு கடுமையானது என்று கொள்ளும் எல்லை) என்றால் கிலோவுக்கு பென்சீனுக்கு 1.1 மில்லிகிராம், டிரைகுளோரோஈத்தீனுக்கு 2.5 மில்லிகிராம். 40 மைக்ரோகிராம் தாராளம்.

மண்புழு_உரம்:
மெத்தனாலில் ஒரு பொறி உண்டு, மண்ணின் ஈரம். 5 கிராமில் 20 சதவீதம் ஈரம் என்றால் 1 மில்லி நீர் மெத்தனாலோடு சேர்ந்துவிடும். மொத்தம் 6 மில்லி. 5 என்றே கணக்கிட்டால் உண்மையான அளவில் ஆறில் ஐந்து பங்குதான் அறிக்கையில் வரும். உலர் எடைத் திருத்தம் இதோடு சேராது, அது வேறு. மணலில் மட்டும் வேலிடேட் செய்தால் இது தலைகாட்டாது.

அப்புறம், பக்கத்து அறையில் டைகுளோரோமீத்தேன் வைத்து எக்ஸ்ட்ராக்ஷன் நடக்கிறதா? அதன் ஆவி காற்றோடு உங்கள் வயலுக்குள்ளும் வரும். எம்டிஎல்லுக்கு (கண்டறியும் எல்லைக்கு) ஏழு ரெப்ளிகேட் ஓட்டும்போது பிளாங்க்கையும் (ஸ்பைக் போடாத வெற்று வயல்) சேர்த்து ஓட்டுங்கள். அந்த ஒரு சேர்மத்துக்கு எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிளாங்க்தான்.

கோவை_லேப்:
ஆமாம் மேடம், பக்கத்து அறையேதான். ஏசி குழாயும் பொதுவானது.

மெத்தனால் வழியில் முதல் செட் ஓட்டினோம். பல்லடம் மண்ணில் டெட்ரா 95, டிரை 101, நாப்தலீன் 91. மெத்தனால் முறையைச் சுண்ணாம்பு மண்ணுக்கு முதன்மையாகவும், 85 டிகிரி நேரடி முறையைக் கார்பனேட் இல்லாத மண்ணுக்கு மட்டும் என்றும் எழுதப் போகிறோம். சாம்பிள் வந்ததும் தனியாக ஒரு துண்டு மண்ணில் அமிலம் சொட்டிப் பார்த்து எந்த முறை என்று பிரிப்பதாக எஸ்ஓபியில் (செயல்முறை ஆவணத்தில்) சேர்த்தால் ஆடிட்டர் ஏற்பாரா?

கரிசல்காடு:
ஏற்பார். எத்தனை மில்லி, எந்த அமிலம், எதைப் பொங்கல் என்று கொள்வது என்று தெளிவாக எழுதுங்கள். கூடவே ஒவ்வொரு பேட்சிலும் வாடிக்கையாளர் மண்ணிலேயே ஒரு மேட்ரிக்ஸ் ஸ்பைக் வையுங்கள். டெட்ராவையும் டிரையையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் பதிவு செய்தால், மறுபடி இது நடந்தால் யார் கண்ணிலும் படும்.